பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு: சேதக் கணக்கும் மறுகட்டுமானமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலுள்ள குடியிருப்போர் சங்கங்கள், தளப் பொறியாளர்கள், வார்டு அளவில் வேலை செய்யும் தன்னார்வலர்கள் ஆகியோருக்காக எழுதியது. நிலநடுக்கத்துக்குப் பிறகு ஒரே கட்டிடத்தை மூன்று தடவை பார்க்க வேண்டும். முதல் தடவை கேள்வி, உள்ளே போகலாமா? இரண்டாவது, எவ்வளவு போயிற்று? மூன்றாவது, மறுபடி எப்படிக் கட்டுவது? மூன்றுக்கும் ஒரே தாளில் விடை எழுதி முடிக்கப் பார்ப்பதில்தான் முக்கால்வாசிக் குழப்பமும் வருகிறது.

சென்னையில் பெரிய நிலநடுக்கமா? இது நமக்குத் தேவையா?

2002-ல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 1893 என்ற இந்திய நிலநடுக்க விதிமுறை சென்னையை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றியது; எண் கூடினால் ஆபத்து கூடும். அதற்கு முந்தைய ஆண்டு, 2001 செப்டம்பர் 25 அன்று, புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் 5.5 அளவில் வந்த நடுக்கம் சென்னை வரை தெரிந்தது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் ஆடியபோதும் இங்கே மாடி அலுவலகங்களிலிருந்து ஆட்கள் தெருவுக்கு இறங்கி நின்றார்கள்.

ஆனால் நாம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய ஊர் அகமதாபாத். 2001 ஜனவரி 26-ல் குஜராத்தின் பூஜ் அருகே வந்த நிலநடுக்கத்தின் மையம் அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. அகமதாபாத்தும் மூன்றாம் மண்டலம்தான். அப்படியிருந்தும் அங்கே அடுக்குமாடிகள் பல சரிந்தன. பெரும்பாலானவை கீழே கார் நிறுத்தத் தூண் மட்டும் விட்டு, மேலே சுவர் எழுப்பிய ஸ்டில்ட் கட்டிடங்கள். அண்ணா நகரிலும் வேளச்சேரியிலும் தெருவுக்குத் தெரு அதே அமைப்பு இருக்கிறது. மண்ணும் ஒரே மாதிரி இல்லை. பள்ளிக்கரணைப் பக்கத்துக் களிமண் அசைவைப் பெருக்கும். கடலோரத்தில் நிலத்தடி நீர் மேலாக இருக்கும் மணல், பலமாகக் குலுங்கினால் குழம்பாக இளகலாம். கிண்டி, பரங்கிமலைப் பக்கம் பாறை சீக்கிரமே தட்டுப்படுவதால் அங்கே ஆட்டம் குறைவு.

ஆட்டம் நின்றதும் முதல் வேலை என்ன?

சிலிண்டர் ரெகுலேட்டரை மூடி, ஈ.பி. மெயினை இறக்குங்கள். கேஸ் வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியேறுங்கள். லிஃப்ட் வேண்டாம். வெளியே வந்தபின் கைப்பிடிச் சுவர், சன்ஷேட், விளம்பரப் பலகை இவற்றின் கீழ் நிற்க வேண்டாம். கடலோரத்தில் இருப்பவர்கள் அறிவிப்புக்குக் காத்திராமல் உள்ளே தள்ளிப் போய்விடுவது நல்லது. மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077, ஆம்புலன்ஸ் 108.

ஆய்வுக் குழு கட்டிடத்தில் ஒட்டும் பச்சை, மஞ்சள், சிவப்பு ஒட்டிகளுக்கு என்ன அர்த்தம்?

1989-ல் கலிபோர்னியாவில் வெளியான ஏ.டி.சி.-20 கையேட்டிலிருந்து பரவிய முறை இது. விரைவுப் பார்வைக்கு ஒரு கட்டிடத்துக்கு 10 முதல் 30 நிமிடம். அதில் தீராத சந்தேகம் இருந்தால் ஓரிரு மணி நேரம் பிடிக்கும் விரிவான பார்வை. அதிலும் முடிவு வராவிட்டால் வரைபடம், சோதனை, கணக்கு என்று சில நாட்கள் ஓடும் பொறியியல் ஆய்வு.

பச்சை என்றால் கண்ணுக்குத் தெரிந்தவரை குடியிருக்கத் தடையில்லை. மஞ்சள் என்றால் கட்டுப்பாட்டோடு நுழையலாம். எந்த அறை, எவ்வளவு நேரம், எதற்காக என்பதை ஒட்டியிலேயே எழுத வேண்டும். சிவப்பு என்றால் உள்ளே போகக் கூடாது. அவ்வளவுதான். சிவப்பு ஒட்டியதெல்லாம் இடிக்க வேண்டிய கட்டிடம் இல்லை. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி சாய்ந்து நம் கூரைமேல் விழக் காத்திருந்தாலும் நம் வீட்டுக்குச் சிவப்புதான். அதைப் போல, பச்சை ஒட்டிய வீட்டில் நிவாரணத்துக்குரிய சேதமே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒட்டி முதல் கேள்விக்கு மட்டும்தான் விடை.

ஒட்டியில் தேதியும் நேரமும் கட்டாயம் வேண்டும். நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25-ல் 7.8 அளவில் ஆடியது. மே 12-ல் மீண்டும் 7.3. முதல் ஆட்டத்துக்குப் பின் ஒட்டிய பச்சையை இரண்டாவது ஆட்டத்துக்குப் பிறகு நம்ப முடியாது, எல்லாக் கட்டிடத்தையும் திரும்பப் பார்த்தாக வேண்டும். வெளியிலிருந்து மட்டும் பார்த்தார்களா, உள்ளேயும் போனார்களா என்பதையும் குறிக்க வேண்டும்.

ஆள் கணக்கையும் முன்பே போட்டு வைக்க வேண்டும். இருவர் கொண்ட குழு நாளுக்கு 15 கட்டிடம் பார்க்கும் என்று வைத்தால், 3,000 கட்டிடமுள்ள பகுதிக்கு 10 குழுக்கள் 20 நாள் அலைய வேண்டும். அதனால் மருத்துவமனை, பள்ளி, தண்ணீர் நிலையம், முகாமாகப் பயன்படும் கல்யாண மண்டபம் ஆகியவைதான் முதலில்.

சுவரெல்லாம் விரிசல். எது ஆபத்து, எது வெறும் பூச்சு?

அகலத்தைப் பார்த்துப் பயப்படுவதுதான் வழக்கம். இடத்தையும் திசையையும் முதலில் பாருங்கள், அகலம் அப்புறம். சந்தேகமான இடத்தில் விரிசலுக்குக் குறுக்காக ஒரு சாண் நீளத்துக்குப் பூச்சைக் கொத்தி எடுங்கள். அடியில் செங்கல்லும் கான்கிரீட்டும் முழுசாக இருந்தால் அது பூச்சு விரிசல்.

தூணும் பீமும் உள்ள கட்டிடத்தில் சுவரும் பீமும் சேரும் கோட்டில், அல்லது சுவரும் தூணும் சேரும் கோட்டில் நேராக ஓடும் விரிசல் மிகச் சாதாரணம். சட்டகமும் சுவரும் தனித்தனியாக ஆடியதன் அடையாளம் அது. கட்டிடம் விழாது. ஆனால் நாலரை அங்குலச் சுவர் நான்கு பக்கமும் விடுபட்டிருந்தால் அடுத்த ஆட்டத்தில் சுவர் மட்டும் படுக்கையாக விழலாம், அதை ஒட்டிக் கட்டில் போடக் கூடாது. அந்தச் சுவரிலேயே பெருக்கல் குறி போல வெடித்திருந்தால், தூணுக்குப் போக வேண்டிய விசையில் ஒரு பங்கைச் சுவர் வாங்கிக்கொண்டது என்று பொருள். உடனே பக்கத்துத் தூண்களைப் பாருங்கள்.

தூணில் சாய்வாக ஓடும் விரிசலை அகலம் பார்க்காமல் சிவப்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அது வெட்டு விசையால் வருவது, எச்சரிக்கை தராமல் உடையும். தூணின் தலையிலோ அடியிலோ முடி அளவு படுக்கை விரிசல் மட்டும் என்றால் விரிவான ஆய்வு வரை மஞ்சள். கான்கிரீட் உதிர்ந்து உள்ளே கம்பி வளைந்து வெளியே துருத்தியிருந்தால் பேச்சே இல்லை, வெளியேறி, பக்கத்துத் தளங்களையும் காலி செய்ய வேண்டும். பீமும் தூணும் சேரும் மூட்டுக்குள் சாய்வு விரிசல் இருந்தாலும் அப்படியே.

பலர் தவறவிடுவது குட்டைத் தூண். பள்ளி வகுப்பறையில் ஜன்னலடி வரை சுவர் கட்டி மேலே முழு நீளத்துக்கு ஜன்னல் விட்டிருப்பார்கள். தூணின் மேல் பாதி மட்டும்தான் அசைய முடியும், மொத்த ஆட்டமும் அந்த மூன்றடியில் இறங்கும். மாடிப்படித் தளம் நடுவில் வந்து முட்டும் தூணுக்கும், கழிவறை வெண்டிலேட்டர் வரிசைத் தூணுக்கும் இதே கதி. எந்தக் கட்டிடத்திலும் முதலில் டார்ச் அடிக்க வேண்டிய இடம் இவைதான்.

சென்னைக்கென்று ஒரு சிக்கல் உண்டு. திருவொற்றியூரிலிருந்து திருவான்மியூர் வரை உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து வந்த விரிசல் ஏற்கெனவே ஏராளம். கம்பி ஓடும் நீளத்திலேயே ஓடி, பழுப்புக் கறையோடு, உள்ளே தூசியோ பழைய பெயிண்ட்டோ படிந்திருந்தால் அது பழசு. புது விரிசலின் விளிம்பு கூராக, சுத்தமாக இருக்கும். இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள். காப்பீட்டுக்கு மட்டுமல்ல, துரு தின்ற தூணின் பலமே வேறு கணக்கு.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பழைய வீடுகளை எப்படிப் பார்ப்பது?

மெட்ராஸ் டெரஸ் என்பது மர உத்தரத்தின் மேல் மெல்லிய செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் நிறுத்தி அடுக்கிய கூரை. நிலநடுக்கத்தில் இதன் பலவீனம் உத்தரம் சுவரில் உட்காரும் இடம். சுவர் வெளியே நகர்ந்தால் உத்தர முனை பிடியிலிருந்து உருவிக்கொண்டு வரும், கூரை பாளமாக விழும். ஆகவே நடுக்கூரையைப் பார்ப்பதை விட்டு, ஒவ்வொரு உத்தரத்தின் இரு முனைகளையும் பாருங்கள். புதிதாக வெளுத்த மரம் ஓர் அங்குலம் தெரிந்தாலே உருவ ஆரம்பித்துவிட்டது. உத்தரத்துக்கு அடியில் பலகை வைத்துச் சவுக்கு முட்டோ ஜாக்கியோ கொடுத்த பிறகுதான் சாமான் எடுக்க ஆள் அனுப்ப வேண்டும். கரையான் தின்ற முனையை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தால் தெரியும்.

அடுத்து மூலைகள். இரண்டு சுவர் சேரும் மூலையில் மேலே அகலமாகவும் கீழே குறுகியும் செங்குத்து வெடிப்பு இருந்தால் சுவர்கள் ஒன்றையொன்று விட்டுவிட்டன. பழுது பார்க்கும்போது சுண்ணாம்புச் சுவரில் கெட்டி சிமெண்ட் பூச்சு வேண்டாம். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே சுவர் உளுத்துப் போகும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பேதான்.

எங்களுடையது ஸ்டில்ட் மேல் மூன்று மாடி. மேலே ஒரு கீறல்கூட இல்லை. பிரச்சினை இல்லைதானே?

மேலே கீறல் இல்லாததே கீழே பார்க்கச் சொல்லும் காரணம். மேல்தளங்கள் சுவர்களால் இறுகி ஒரே பெட்டியாக நகரும், ஆட்டமெல்லாம் சுவரில்லாத ஸ்டில்ட் தூண்களில் விழும். ஒவ்வொரு தூணின் தலையிலும் அடியிலும் இரண்டடிக்குப் பூச்சைத் தட்டிப் பாருங்கள். தூண் அடியில் டைல்ஸோ கிரானைட்டோ ஒட்டியிருந்தால் பெயர்த்தே ஆக வேண்டும். செக்யூரிட்டி அறை, ஈ.பி. பேனல் அறை ஒரு மூலையில் மட்டும் இருந்தால் கட்டிடம் திருகியிருக்கும், எதிர்மூலைத் தூண்களில் சேதம் அதிகம். மொட்டைமாடியில் 1,000 லிட்டர் தொட்டி என்பது ஒரு டன். ஆய்வு முடியும்வரை காலி செய்து வையுங்கள்.

சாய்ந்திருக்கிறதா என்று எப்படி அளப்பது?

தூக்குக் குண்டு போதும். 3 மீட்டர் உயரத்துக்கு 30 மி.மீ. விலகல் இருந்தால் உள்ளே போவதை நிறுத்திப் பொறியாளரை அழையுங்கள். கட்டும்போதே வந்த கோணலும் உண்டு என்பதால் இரண்டு திசையிலும், எல்லா மூலையிலும் அளக்க வேண்டும். எல்லாத் தூணும் ஒரே பக்கம் விலகியிருந்தால் அது மேஸ்திரி செய்த பிழை இல்லை.

வீடு வீடாகக் கணக்கெடுக்கும்போது எது விட்டுப்போகிறது?

வாடகைக்காரர். படிவம் உரிமையாளரைத்தான் கேட்கும். ஒரு கதவு எண்ணுக்குள் நான்கு குடித்தனம் இருந்தாலும் ஒரு வீடாகப் பதிவாகும். குடும்பம் ஒவ்வொன்றுக்கும் படிவத்தில் தனி வரிசை, வாடகையா சொந்தமா, முன்பணம் எவ்வளவு நிலுவை என்று எழுதுங்கள். பட்டா இல்லாத புறம்போக்கு வீடுகளும் விடுபடும். சேதக் கணக்கெடுப்பு உரிமைத் தீர்ப்பு அல்ல என்பதைக் குழுவுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

படம் எடுக்கும்போது முதலில் கதவு எண்ணோடு முழு முகப்பு, பிறகு நான்கு பக்கம், அப்புறம் விரிசல். விரிசலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலோ நாணயமோ இல்லாத படம் எதற்கும் உதவாது.

அரசு நிவாரணம் எவ்வளவு?

மாநிலப் பேரிடர் நிதியின் 2022-26 விதிமுறைப்படி, சமவெளியில் முழுதாக இடிந்த அல்லது கடுமையாகச் சேதமடைந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். குறைந்தது 15 சதவீதம் சேதமான பக்கா வீட்டுக்கு 6,500, கச்சா வீட்டுக்கு 4,000. இந்த இரண்டு படிக்கும் நடுவில் ஒன்றும் இல்லை என்பதுதான் தகராறின் வேர். ‘பகுதி’யா ‘கடுமை’யா என்ற ஒரு வார்த்தை ஒரு லட்சத்துக்கு மேல் பெறும். ஆகவே அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள்: ‘மூன்று தூணில் சாய்வு விரிசல், வடக்குச் சுவர் 40 மி.மீ. விலகல்’ என்பது போல. பூஜ் நிலநடுக்கத்துக்குப் பின் குஜராத்தில் சேதத்தை ஜி-1 முதல் ஜி-5 வரை ஐந்து படியாகப் பிரித்தார்கள். படி கூடினால் சண்டை குறையும் என்றில்லை, ஆனால் பாதி இடிந்த வீட்டுக்கும் ஓர் இடம் கிடைக்கும்.

சேதம், இழப்பு, தேவை மூன்றும் ஒன்றுதானே?

இல்லை. உலக வங்கி, ஐ.நா., ஐரோப்பிய ஒன்றியம் சேர்ந்து நடத்தும் பேரிடருக்குப் பிந்தைய தேவை மதிப்பீடு இந்தப் பிரிவின் மேல்தான் நிற்கிறது. சேதம் என்பது இடிந்துபோன பொருளின் மதிப்பு. இழப்பு என்பது அதனால் நின்றுபோன வருமானமும் கூடிப்போன செலவும். தேவை என்பது மீண்டெழ இனி செலவழிக்க வேண்டிய பணம்.

வியாசர்பாடியில் 600 சதுர அடி வீடு, வாசலில் டிபன் கடை என்று வைத்துக்கொள்வோம். விலைகள் கணக்குக்காக மட்டும். சதுர அடி 2,200 ரூபாய் என்றால் வீடு 13,20,000, உள்ளே போன சாமான் 1,50,000, ஆக சேதம் 14,70,000. வெளியே 18 மாத வாடகை 8,000 வீதம் 1,44,000, இடிபாடு அகற்ற 40,000, ஆறு மாதம் கடை மூடியதில் 90,000, ஆக இழப்பு 2,74,000. தேவையில் வீட்டுப் பங்கு மட்டும் பார்ப்போம். பழைய மாதிரியே கட்டினால் மறுபடி விழும், அதனால் நிலநடுக்கப் பாதுகாப்புக்கு 12 சதவீதம் கூட்டினால் 14,78,400. எல்லோரும் ஒரே நேரத்தில் கட்டத் தொடங்கினால் எம்-சாண்டும் கம்பியும் கூலியும் ஏறும். அதற்கு 15 சதவீதம் வைத்தால் ஏறத்தாழ 17 லட்சம். 13,20,000-ஐ அப்படியே தேவை என்று எழுதினால் வீடு கூரை மட்டத்தில் நின்றுபோகும்.

மொத்தக் கணக்கில் தேவை, சேதமும் இழப்பும் சேர்ந்த தொகையைவிடக் குறைவாகவும் வரலாம். நேபாளத்தில் 2015-ல் சேதம் 51,700 கோடி, இழப்பு 18,900 கோடி, இரண்டும் சேர்ந்து 70,600 கோடி நேபாள ரூபாய். தேவை 66,900 கோடி. நின்றுபோன வருமானம் அவ்வளவையும் திட்டச் செலவாக யாரும் ஈடுகட்டுவதில்லை என்பதால் அப்படி. மூன்று எண்களையும் ஒன்றாகக் கூட்டி அறிவிப்பவர்களை நம்ப வேண்டாம்.

இடிபாட்டை எப்படி மதிப்பிடுவது?

கட்டிடத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி மூன்றால் வகுங்கள். 12 × 9 × 9 மீட்டர் கட்டிடம் 972 கன மீட்டர், இடிபாடு சுமார் 320. பத்துக் கன மீட்டர் டிப்பரில் 32 நடை. முழுச் செங்கல், கம்பி, மர உத்தரம் ஆகியவற்றைத் தளத்திலேயே பிரித்துவிட்டால் நடையும் குறையும், உரிமையாளருக்குக் காசும் மிஞ்சும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்காமல், தண்ணீர் தெளித்து, தனியே கட்டி வைக்க வேண்டும். மீதியைச் சதுப்பு நிலத்திலோ ஏரிக்கரையிலோ கொட்டினால் அடுத்த மழைக்கு வெள்ளம் வீடு தேடி வரும்.

பழுது பார்ப்பதா, இடித்துக் கட்டுவதா?

பழுதும் பலப்படுத்தலும் சேர்ந்து புதுக் கட்டுமானச் செலவில் பாதியைத் தாண்டினால் இடிப்பதுதான் பெரும்பாலும் லாபம். ஆனால் முதலில் கான்கிரீட்டின் நிலை தெரிய வேண்டும். ரீபவுண்ட் சுத்தியல் மேற்பரப்பின் கடினத்தைத்தான் சொல்லும், பழைய கான்கிரீட்டில் ஏமாற்றும். அல்ட்ராசானிக் சோதனையில் வேகம் வினாடிக்கு 3 கிலோமீட்டருக்குக் கீழே போனால் சந்தேகம். முடிவெடுக்கக் கோர், அதாவது கான்கிரீட்டைத் துளைத்து எடுக்கும் உருளை மாதிரி, எடுத்தாக வேண்டும். கோர்களின் சராசரி, வடிவமைப்பு வலிமையில் 85 சதவீதத்துக்கும், எந்த ஒன்றும் 75-க்கும் குறையக் கூடாது.

எபாக்சி ஊசி 0.3 முதல் 5 மி.மீ. வரையான விரிசலுக்கு. தூசியைக் காற்றால் ஊதி, 150 முதல் 300 மி.மீ. இடைவெளியில் முனை பொருத்தி, கீழிருந்து மேலாக ஏற்ற வேண்டும். மேல் முனையில் வழிந்ததும் கீழ் முனையை மூடி நகர வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று அடைத்துப் பாதி வெறுமையாக நிற்கும். சென்னை வெயிலில் கலவை சீக்கிரம் இறுகும், சிறிது சிறிதாகக் கலக்குங்கள். வளைந்த கம்பியை எபாக்சி நிமிர்த்தாது.

தூணைச் சுற்றி ஜாக்கெட் (புதுக் கம்பியும் கான்கிரீட்டும் கொண்ட உறை) போடுவதென்றால் ஒவ்வொரு பக்கமும் 100 மி.மீ. வரை கூடும். புதுக் கம்பி தளத்தைத் துளைத்து மேலேயும் அடித்தளம் வரை கீழேயும் போக வேண்டும். ஸ்டில்ட் தளத்தில் மட்டும் தரையிலிருந்து சீலிங் வரை பூசி நிறுத்திவிட்டால் பலவீனம் ஒரு மாடி ஏறி உட்காரும், அவ்வளவே.

புதிதாகக் கட்டும்போது எதில் சமரசம் கூடாது?

தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் கொக்கி. 90 டிகிரியில் மடித்த ரிங், கான்கிரீட் உதிர்ந்ததும் வாய் திறந்துவிடும். கான்கிரீட் கட்டிடங்களுக்கான நிலநடுக்க விதி ஐ.எஸ். 13920 கேட்பது 135 டிகிரி, வால் குறைந்தது 65 மி.மீ. தூணின் தலைப்பகுதியிலும் அடியிலும் ரிங் இடைவெளி 100 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. சுவருக்குள் மறையும் 9 அங்குலத் தூணை நாம் விரும்புகிறோம், விதி 300 மி.மீ. கேட்கிறது. அறையில் துருத்தும் மூன்று அங்குலத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். செங்கல் சுவர் வீட்டுக்கு பேஸ்மட்டம், லிண்டல், கூரை மட்டங்களில் அறுபடாமல் ஓடும் கான்கிரீட் பட்டை வேண்டும். 75 மி.மீ. தடிமன், நீளவாக்கில் இரண்டு கம்பி, 150 மி.மீ.க்கு ஒரு 6 மி.மீ. குறுக்குக் கம்பி. ஜன்னலுக்கு மேல் மட்டும் லிண்டல் போட்டு நிறுத்துவது பட்டை ஆகாது.

காப்பீடு?

2021 ஏப்ரல் முதல் விற்கப்படும் பாரத் கிருஹ ரக்ஷா வீட்டுப் பாலிசியில் நிலநடுக்கம் அடங்கும். மதிப்பு கட்டிடச் செலவுக்குத்தான், மனை விலைக்கு இல்லை. சர்வேயர் வரும்முன் இடிபாட்டை அகற்றாதீர்கள். ஆபத்தென்று அகற்றியே ஆக வேண்டுமானால் முன்னும் பின்னும் படம் எடுங்கள்.

12 ஃபிளாட், மூன்று பேர் இடிக்கச் சம்மதிக்கவில்லை. என்ன செய்வது?

தமிழ்நாடு அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2022, மறுகட்டுமானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதம் போதும் என்கிறது. அதாவது எட்டுப் பேர். ஆனாலும் பத்திரத்தில் உள்ள பிரிபடாத மனைப் பங்கு, வில்லங்கச் சான்று, வங்கிக் கடன் நிலுவை மூன்றையும் ஒவ்வொருவருக்கும் சரிபார்க்காமல் பில்டரிடம் பேச உட்காராதீர்கள்.

யார் கட்டுவது நல்லது? அரசா, நாமா?

மகாராஷ்டிரத்தில் 1993 லாத்தூர் நிலநடுக்கத்துக்குப் பின் கடுமையாகச் சிதைந்த 52 கிராமங்களைப் புது இடத்துக்கு மாற்றினார்கள். நிலம் எவ்வளவு வைத்திருந்தார்களோ அதற்கேற்ப 250, 400, 750 சதுர அடி வீடுகள். குஜராத்தில் பெரும்பாலும் பணத்தை உரிமையாளரிடம் தவணையாகக் கொடுத்து அவர்களையே கட்ட வைத்தார்கள். நேபாளமும் அதையே செய்தது. 3 லட்சம் நேபாள ரூபாய், 50,000, 1,50,000, 1,00,000 என மூன்று தவணை, இடையில் பொறியாளர் பார்வை. எங்கள் கணிப்பில் தனி வீட்டுக்கு இதுவே ஒத்துவரும், அடுக்குமாடிக்கு ஒத்துவராது.

தவணை முறை சறுக்கும் இடம் ஒன்று உண்டு: பார்வைக்கு ஆள் வரத் தாமதமானால் மேஸ்திரி காத்திருக்க மாட்டார். கூலி ஓடும்போது கான்கிரீட்டைப் போட்டு மூடிவிடுவார், பிறகு ரிங் கொக்கியை யாராலும் பார்க்க முடியாது. அடித்தளக் கம்பி, பேஸ்மட்டப் பட்டை, லிண்டல் பட்டை, கூரைக் கம்பி இந்த நான்கு கட்டத்திலும் கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாளே பொறியாளருக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். அவர் வர முடியாவிட்டால் ஸ்கேல் வைத்து எடுத்த படமாவது கையில் இருக்க வேண்டும்.